கேட்டதையே கேட்ட டாம் டியெல்

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 1962 முதல் 2005 வரை 43 ஆண்டுகள் இடைவெளியே இல்லாமல் உறுப்பினராக இருந்தவர் டாம் டியெல். அவருடைய தொழிற்கட்சி இந்தக் காலத்தில் மூன்று முறை ஆட்சிக்கு வந்தது. மூன்று முறையும் அவரை யாரும் மந்திரியாக்கவில்லை. வில்சன், கேலகன், பிளேர் என்று சொந்தக் கட்சிப் பிரதமர்களுக்கே அவர் தலைவலியாக இருந்தார், எதிரணியான பழமைவாதக் கட்சியின் பிரதமர் தாட்சருக்கோ தீராத தலைவலி. ஆனாலும் அரசியலமைப்புப் பாடம் படிக்கும் பிரிட்டிஷ் மாணவர்கள் அத்தனை பேரும் அவருடைய தொகுதியின் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 'வெஸ்ட் லோதியன் கேள்வி' என்று இன்றைக்கும் சொல்லப்படுவது அவர் கேட்டதுதான்.

ஆளைப் பார்த்தால் தொழிற்கட்சிக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1932இல் எடின்பரோவில் பிறந்தார். லின்லித்கோ ஊருக்கு அருகே இருக்கும் பின்ஸ் என்ற பழைய மாளிகை அம்மா வழியில் வந்தது. முன்னோர் ஒருவர் 1681இல் அங்கேதான் ஸ்காட்ஸ் கிரேஸ் என்ற குதிரைப்படையைத் திரட்டினார் என்பது குடும்ப வரலாறு. அப்பா பிரிட்டிஷ் இந்திய அரசின் அரசியல் பிரிவில் அதிகாரி, பஹ்ரைனில் பணியாற்றியவர். பையன் படித்தது பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியிலும். கட்டாய ராணுவ சேவைக்குப் போனது முன்னோர் திரட்டிய அதே படைக்கு, ஆனால் சாதாரணச் சிப்பாயாக. கேம்பிரிட்ஜில் பழமைவாதக் கட்சியின் மாணவர் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறார். 1956இல் பிரிட்டன் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் படை அனுப்பியதும் மனம் வெறுத்துத் தொழிற்கட்சிக்கு மாறினார். அம்மா இறந்த பின் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் அவருக்கு வந்தது, அவர் அதைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளவில்லை.

இந்தப் பின்னணிக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. அரசியலில் ஏறித்தான் வாழ்க்கையில் ஏற வேண்டும் என்ற நிலையில் அவர் இல்லை. மாளிகையை 1944லேயே குடும்பத்தார் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டார்கள், குடியிருக்கும் உரிமை மட்டும் குடும்பத்துக்கு. கொறடா மிரட்டினால் பயப்பட ஏதாவது இருக்க வேண்டுமே. மந்திரி பதவி கிடைக்காது என்பதுதான் வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது லண்டன் நாடாளுமன்றத்தில், இருக்கும் பெரிய மிரட்டல். அது இவரிடம் செல்லவில்லை.

கொஞ்ச காலம் போனெஸ் ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்தார். அப்புறம் டுனெரா என்ற கப்பலில், மாணவர்களை ஏற்றிக்கொண்டு கடலிலேயே பாடம் நடத்தும் திட்டத்தில் வேலை. 1962 ஜூனில் ஸ்காட்லாந்தின் வெஸ்ட் லோதியன் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதி. ஈட்டனில் படித்த இந்த ஆளைத் தொழிற்கட்சி நிறுத்தியது, ஜெயித்தார். ஸ்காட்டிஷ் தேசியக் கட்சியின் பில்லி வுல்ஃப் இரண்டாம் இடம் பிடித்ததும், பழமைவாதக் கட்சி டெபாசிட்டை இழந்ததும்தான் அன்றைய செய்தி. வுல்ஃப் பிறகு அந்தக் கட்சிக்கே தலைவரானார். 1979 வரை இருவரும் அதே தொகுதியில் ஏழு முறை மோதினார்கள், ஏழிலும் டியெல்தான். பிரிவினை கேட்கும் கட்சி எப்படி வளர்கிறது என்பதை மற்றவர்கள் பத்திரிகையில் படித்தார்கள். இவர் சொந்தத் தொகுதியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதற்கு நல்ல உதாரணம் அல்டாப்ரா. மடகாஸ்கருக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பவளத் தீவு அது. ராட்சத ஆமைகள் அங்கே ஏராளம். இந்தியப் பெருங்கடல் தீவுகளில் பறக்கத் தெரியாத பறவையினங்களில் மிஞ்சியிருக்கும் ஒன்றும் அங்கேதான் வாழ்கிறது. 1965இல் பிரிட்டன் அல்டாப்ராவையும் சாகோஸ் தீவுகளையும் வேறு சில தீவுகளையும் சேர்த்து 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' என்று ஒரு புதிய காலனியை உருவாக்கியது. அல்டாப்ராவில் விமானப்படைத் தளம் போடுவதாகத் திட்டம். ராயல் சொசைட்டி விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். நாடாளுமன்றத்தில் அந்த எதிர்ப்பைக் கையில் எடுத்தவர் டியெல், அதுவும் தன் கட்சியே ஆளும்போது, மந்திரி ரிச்சர்ட் கிராஸ்மனுக்கு உதவியாளராக இருந்துகொண்டே.

அவர் ஆவேசப் பேச்சில் இறங்கவில்லை, எழுத்துக் கேள்விகளை அடுக்கினார். செலவு எவ்வளவு, யார் கணக்குப் போட்டது, ஓடுபாதை எந்தப் பக்கம், பறவை மோதி விமானம் விழும் ஆபத்தைப் பற்றி யாரிடம் கேட்டீர்கள். ஒரே விஷயத்தைப் பல துறைகளிடம் பல விதமாகக் கேட்பார். இரண்டு துறைகள் இரண்டு பதில் சொன்னால் அந்த முரண்பாடே அடுத்த கேள்வி. எழுத்துக் கேள்வி வந்துவிட்டால் அதிகாரி ஒருவர் உட்கார்ந்து கோப்பைத் தேடிப் பதில் தயாரித்தே ஆக வேண்டும், பதில் அச்சாகிவிட்டால் பிறகு மாற்றிப் பேசவும் முடியாது. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பைக் குறைக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது, வெட்டப்பட்ட செலவுகளில் அல்டாப்ரா தளமும் ஒன்று. பணமுடைதான் தீவைக் காப்பாற்றியது என்று சொன்னால் தப்பில்லை. ஆனால் எதை வெட்டலாம் என்று தேடிய நேரத்தில், எல்லாருக்கும் தெரிந்த, எல்லாருக்கும் சலித்துப்போன திட்டமாக அல்டாப்ரா இருந்ததற்குக் காரணம் இவர். 1982இல் அது யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாயிற்று.

ஆமைக்காகப் பேச ஆள் இருந்தது, மனிதர்களுக்காகப் பேச இல்லை என்பது இதன் மறுபக்கம். அதே காலனியின் டியாகோ கார்சியா தீவை அமெரிக்கத் தளத்துக்குக் கொடுத்தார்கள், சாகோஸ் மக்கள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். 2021இல் படகில் போன இலங்கைத் தமிழ் அகதிகள் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டு கிடந்த தீவும் இதுதான்.

வாய்மொழிக் கேள்வியிலும் அவருக்கென்று ஒரு வழி இருந்தது. அங்கே முதல் கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவார்கள், மந்திரி எழுதி வைத்த பதிலைப் படிப்பார். பொறி துணைக் கேள்வியில்தான். மற்ற உறுப்பினர்கள் துணைக் கேள்வி என்ற பெயரில் ஒரு சின்னப் பிரசங்கமே செய்வார்கள். அந்த நேரத்தில் மந்திரி கோப்பைப் புரட்டிச் சமாளிக்க ஏதாவது தேடிக்கொள்ளலாம். டியெல் எழுந்து "ஏன்?" என்று ஒரே சொல்லைக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். அதற்கு எந்த அதிகாரியும் முன்கூட்டிப் பதில் எழுதி வைத்திருக்க மாட்டார்.

1968இல் அவரே மாட்டிக்கொண்டார். போர்ட்டன் டவுன் என்ற ரசாயன, உயிரியல் ஆயுத ஆராய்ச்சி நிலையத்தைப் பற்றி நாடாளுமன்றக் குழுவில் பேசப்பட்டதை ஒரு பத்திரிகையாளரிடம் கொடுத்துவிட்டார், அது அப்சர்வர் பத்திரிகையில் வந்தது. உரிமைக் குழு விசாரித்து உரிமை மீறல் என்றது. சபாநாயகர் அவரை அவையில் நிற்க வைத்துக் கண்டித்தார். மந்திரி பதவிக்கான வாய்ப்பு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அன்றைக்கே போயிருக்கும்.

இனி அந்தப் பெரிய கேள்வி. 1974 அக்டோபர் தேர்தலில் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி ஸ்காட்லாந்தின் ஓட்டில் 30 சதவீதம் வாங்கி 11 இடங்களைப் பிடித்தது. வடகடலில் எண்ணெய் கிடைத்திருந்த நேரம், 'எண்ணெய் எங்களுடையது' என்ற கோஷம் நன்றாக எடுபட்டது. பயந்துபோன தொழிற்கட்சி, ஸ்காட்லாந்துக்கென்று எடின்பரோவில் ஒரு சட்டமன்றம் தருகிறோம் என்றது. கல்வி, சுகாதாரம், வீட்டுவசதி எல்லாம் அங்கே போய்விடும். லண்டன் நாடாளுமன்றத்தில் ஸ்காட்லாந்தின் 71 உறுப்பினர்களும் அப்படியே இருப்பார்கள். 1977 நவம்பர் 14 அன்று அந்த மசோதா மீதான விவாதத்தில் டியெல் எழுந்து கேட்டது இதுதான்: ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து உறுப்பினர்கள் 119 பேராவது இங்கிலாந்தின் அரசியலை, பல நேரம் முடிவையே, தீர்மானிப்பார்கள், ஆனால் தங்கள் சொந்த ஊரில் அதே விஷயங்களில் அவர்களுக்கே பேச்சுரிமை கிடையாது, இதை இங்கிலாந்துத் தொகுதிகள் எத்தனை நாள் பொறுத்துக்கொள்ளும்?

119 என்பது ஸ்காட்லாந்தின் 71, வேல்ஸின் 36, வட அயர்லாந்தின் 12 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஆனால் கேள்வியை மக்கள் மனதில் பதிய வைத்தது எண்ணிக்கை இல்லை, பிளாக்பர்ன். இங்கிலாந்தின் லங்காஷயரில் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. டியெல்லின் வெஸ்ட் லோதியன் தொகுதியிலும் பிளாக்பர்ன் என்று ஓர் ஊர். மசோதா நிறைவேறினால், லங்காஷயர் பிளாக்பர்னில் பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்று நான் ஓட்டுப் போடலாம், எனக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய பிளாக்பர்ன் பள்ளியைப் பற்றி வாயே திறக்க முடியாது, இது என்ன நியாயம் என்றார். இதையே எடுத்து எடுத்துச் சொல்லி அவையைச் சலிப்படைய வைத்தார். ஒரு கட்டத்தில் இனாக் பவல் என்ற வட அயர்லாந்து உறுப்பினர் எழுந்து, வெஸ்ட் லோதியன் உறுப்பினர் என்ன சொல்ல வருகிறார் என்று நமக்கு ஒருவழியாகப் புரிந்துவிட்டது, அதற்கு வெஸ்ட் லோதியன் கேள்வி என்றே பேர் வைத்துவிடலாம் என்றார். அந்தப் பேரே நிலைத்துவிட்டது.

கேள்வி புதிதும் இல்லை. 1886இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர முயன்றபோதே, அயர்லாந்து உறுப்பினர்களை லண்டனில் வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். 1921 முதல் 1972 வரை வட அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் இருந்தது. அதன் லண்டன் உறுப்பினர்கள் எல்லாவற்றிலும் ஓட்டுப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்பதால் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

சரி, பதில் சொல்ல முடியாத அளவுக்கு இதில் என்ன இருக்கிறது? ஸ்காட்லாந்து உறுப்பினர்கள் இங்கிலாந்து விஷயத்தில் ஓட்டுப் போடக் கூடாது என்று விதி போட்டால் போதாதா? போடலாம். ஆனால் 1964இல் தொழிற்கட்சிக்கு மொத்தப் பிரிட்டனில் பெரும்பான்மை இருந்தது, இங்கிலாந்தில் இல்லை. அப்படி ஓர் அரசு வந்தால் ராணுவத்தையும் வரியையும் அது நடத்தும், இங்கிலாந்தின் பள்ளியையும் மருத்துவமனையையும் நடத்த முடியாது. போதாக்குறைக்கு, இங்கிலாந்தில் மருத்துவமனைக்கு எவ்வளவு செலவு என்பதை ஒட்டியே ஸ்காட்லாந்துக்குப் போகும் நிதியும் ஏறி இறங்குகிறது. ஆகவே 'இங்கிலாந்து மட்டும்' என்று சொல்லத்தக்க மசோதா நாம் நினைப்பதைவிடக் குறைவு. இங்கிலாந்துக்கும் தனி நாடாளுமன்றம் தரலாமே என்றால், பிரிட்டன் மக்கள்தொகையில் சுமார் 84 சதவீதம் இங்கிலாந்துதான். அதற்கு ஒரு முதல்வர் வந்தால் பிரதமருக்கு என்ன வேலை? பின்னாளில் பிளேர் அரசின் சட்டத்துறைத் தலைவர் இர்வின் பிரபு, இந்தக் கேள்விக்குச் சிறந்த பதில் அதைக் கேட்காமல் விடுவதுதான் என்றார். கேலியாகச் சொன்னாலும் அதுவே அரசின் கொள்கையாகவும் இருந்தது.

1979 மார்ச் 1 அன்று ஸ்காட்லாந்தில் வாக்கெடுப்பு. 'தொழிற்கட்சி வேண்டாமென்கிறது' இயக்கத்தில் டியெல் முன்னணியில் நின்றார். எதிர்ப்பக்கம் பேசிய ஜிம் சிலர்ஸுடன் ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் வாதிட்டார். ஆம் என்றவர்கள் 51.6 சதவீதம். ஆனால் மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆம் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் ஒரு நிபந்தனை நுழைந்திருந்தது. அதைக் கொண்டுவந்தவர் லண்டன் தொகுதி ஒன்றின் தொழிற்கட்சி உறுப்பினர், பிறப்பால் ஸ்காட்லாந்துக்காரர். கிடைத்தது 32.9 சதவீதம்தான், சட்டம் கிடப்பில் போனது. கோபமடைந்த தேசியக் கட்சி அரசுக்கு எதிராகத் திரும்பியது. மார்ச் 28 அன்று கேலகன் அரசு 311க்கு 310 என்று ஒரே ஓட்டில் கவிழ்ந்தது. அடுத்து வந்தவர் தாட்சர்.

தாட்சர் காலத்து டியெல்தான் பத்திரிகைகளுக்குப் பிடித்த டியெல். 1982இல் அர்ஜென்டினாவுடன் நடந்த ஃபாக்லண்ட் தீவுப் போரை எதிர்த்ததால், கட்சியில் அறிவியல் துறைப் பேச்சாளராக இருந்த பொறுப்பும் பறிபோனது. அதே ஆண்டு மே 2 அன்று அர்ஜென்டினாவின் ஜெனரல் பெல்கிரானோ கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கி காங்கரர் மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். கப்பல் நம் படையை நெருங்கி வந்துகொண்டிருந்தது என்று பாதுகாப்பு மந்திரி ஜான் நாட் அவையில் சொன்னார். டியெல் பிடித்துக்கொண்டது மிகச் சிறிய ஒரு விஷயம்: கப்பல் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது? பிரிட்டன் அறிவித்த 200 கடல் மைல் தடை வளையத்துக்கு வெளியேதானே இருந்தது? எந்த நாளில் எந்த மணிக்கு முதலில் கண்டீர்கள்? ஆண்டுக்கணக்காகக் கேட்டார். 1983 மே மாதம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் டயானா கூல்ட் என்ற ஆசிரியை இதே திசைக் கேள்வியை வைத்து தாட்சரை நேரடியாகத் திணறடித்ததும் பிரச்சினை வீட்டுக்கு வீடு போய்விட்டது.

1984இல் பாதுகாப்பு அமைச்சக அதிகாரி கிளைவ் பான்டிங் இரண்டு ஆவணங்களை உறையில் போட்டு டியெல்லுக்கு அனுப்பினார். டியெல்லின் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும் வேலையில் இருந்தவரே அவர்தான். உண்மையைச் சொல்லாதே என்று மேலிடம் சொன்னதில் வெறுத்துப்போனவர். அரசு ரகசியச் சட்டத்தில் வழக்குப் போட்டார்கள். நாட்டின் நலன் என்பது ஆளும் அரசு எதைச் சொல்கிறதோ அதுதான் என்ற பொருளில் நீதிபதி ஜூரிக்கு விளக்கினார். ஆனால் 1985 பிப்ரவரியில் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அரசு சும்மா இருக்கவில்லை, 1989இல் சட்டத்தை மாற்றி, பொதுநலனுக்காகச் செய்தேன் என்று வாதிடும் வழியையே அடைத்துவிட்டது.

இங்கே டியெல்லைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் இரண்டு விதமாகப் பேசினார். கப்பல் எந்தத் திசையில் போனது என்று கேட்டது ஒன்று. பெரு நாட்டின் சமாதான முயற்சியைக் கெடுக்கவே தாட்சர் அந்தக் கப்பலை மூழ்கடித்தார் என்று குற்றம் சாட்டியது இன்னொன்று. முதலாவதில் அவர் ஜெயித்தார், அவைக்குச் சொன்ன தகவல் தவறு என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இரண்டாவது நிரூபணமாகவில்லை. பெல்கிரானோவின் கேப்டன் ஹெக்டர் பான்சோவே பிற்காலத்தில், தாங்கள் திசை திரும்பியது தற்காலிகம்தான், கப்பல் ஆபத்தாகவே இருந்தது என்ற வகையில் பேசினார். சின்னக் கேள்வி கேட்டபோதெல்லாம் டியெல்லை அசைக்க முடியவில்லை. பெரிய முடிவுக்குத் தாவியபோது சறுக்கினார். அவருடைய வாழ்க்கை நெடுக இதைப் பார்க்கலாம்.

1986இல் வெஸ்ட்லண்ட் என்ற ஹெலிகாப்டர் நிறுவனத்தைப் பற்றிய விவகாரம். அரசு வழக்கறிஞரின் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கசிய விட்டது யார் என்ற பிரச்சினையில் வர்த்தக மந்திரி லியோன் பிரிட்டன் ராஜினாமா செய்தார். பிரதமருக்குத் தெரியாமல் நடந்திருக்குமா என்று டியெல் விடாமல் துருவினார். அந்த ஆண்டு அக்டோபரில் தாட்சரைப் பொய்யர், ஏமாற்றுக்காரர், மோசடிக்காரர், இந்த அவைக்கே அவமானம் என்றார். சக உறுப்பினரைப் பொய்யர் என்பது அங்கே பெருங்குற்றம். சபாநாயகர் திரும்பப் பெறச் சொல்வார், மறுத்தால் உறுப்பினரைத் தொகுதிப் பெயரால் அழைக்காமல் சொந்தப் பெயரால் அழைப்பார். பெயர் சொல்லி அழைத்துவிட்டால் சஸ்பெண்ட்தான். முதல் தடவை ஐந்து நாள், அடுத்த தடவை இருபது. டியெல் கத்தியதில்லை, காகிதத்தைக் கிழித்ததில்லை. தாழ்ந்த குரலில் தெளிவாகச் சொல்லிவிட்டு, திரும்பப் பெற மாட்டேன் என்று வெளியே நடந்துவிடுவார். இப்படிப் பலமுறை போயிருக்கிறார்.

1988இல் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊரின் மேல் விமானம் வெடித்து 270 பேர் இறந்த வழக்கில், லிபியாவின் மெக்ராஹி குற்றவாளி என்ற தீர்ப்பை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. ஒத்திவைப்பு விவாதங்களில், பின்னிரவில், காலி நாற்காலிகளுக்கு முன்னால் பேசினார். 2007இல் ஸ்காட்லாந்தின் குற்றவியல் மறுஆய்வு ஆணையம் அந்தத் தீர்ப்பில் நீதி தவறியிருக்கலாம் என்றது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பு சரிதான் என்றது.

2001இல் அவையிலேயே நீண்ட காலம் தொடர்ந்து இருந்தவர் என்ற முறையில் 'அவையின் தந்தை' ஆனார். கண்டித்து வெளியேற்றிய அவையே மூத்தவர் என்று முன்வரிசையில் உட்கார வைத்ததை அவர் ரசித்திருப்பார். ஈராக் போர் வந்ததும் பிளேரைப் போர்க் குற்றவாளியாக, சர்வதேச நீதிமன்றம் இருக்கும் ஹேக் நகருக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதினார். போரைப் பற்றிய அவருடைய அச்சங்கள் பெரும்பாலும் பலித்தன. ஆனால் அதே 2003இல், யூத ஆலோசகர்களின் கும்பல் ஒன்று பிளேரைச் சுற்றி நின்று ஆட்டிவைக்கிறது என்ற பொருளில் ஒரு பத்திரிகையில் பேசினார். யூத வெறுப்பு என்று கண்டனம் எழுந்தது. எனக்கு அப்படி ஒரு வெறுப்பே இல்லை என்றார். இருக்கலாம். ஆனாலும் அந்தப் பேச்சுக்குச் சப்பைக்கட்டு கட்ட முடியாது. தேதியும் திசையும் கேட்டுப் பழகிய மனிதர், ஆதாரமே இல்லாமல் ஒரு பழைய நஞ்சை எடுத்து வீசினார்.

2005இல் ஓய்வு பெற்றார், 2017 ஜனவரியில் 84 வயதில் இறந்தார். அதற்குள் அவர் எதிர்த்த ஸ்காட்லாந்து நாடாளுமன்றம், 1997 வாக்கெடுப்பில் 74.3 சதவீத ஆதரவோடு வந்து, 1999 முதல் நடக்க ஆரம்பித்துவிட்டது. இது வெளியேறும் வழியே இல்லாத நெடுஞ்சாலை, தனிநாட்டில்தான் போய் நிற்கும் என்று சொல்லி வந்தவர் அவர். 2014 வாக்கெடுப்பில் 55 சதவீதம் பேர் பிரிவினை வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56 தேசியக் கட்சிக்குப் போனது. நெடுஞ்சாலை பற்றிய கணிப்பு பலித்ததா பொய்த்ததா என்று இரண்டு தரப்பும் இன்னும் சண்டை போடலாம்.

கேள்வியோ அவர் சொன்னபடியே வந்து நின்றது. 2004 ஜனவரியில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணத்தை 3,000 பவுண்டு வரை உயர்த்தும் மசோதா 316க்கு 311 என்று ஐந்தே ஓட்டில் தப்பியது. ஸ்காட்லாந்தின் தொழிற்கட்சி உறுப்பினர்கள் கைகொடுக்காவிட்டால் தோற்றிருக்கும். அவர்களுடைய சொந்தத் தொகுதி மாணவர்கள் ஸ்காட்லாந்திலேயே படித்தால் அந்தக் கட்டணம் கிடையாது. 2015 ஜூலையில் இங்கிலாந்து, வேல்ஸ் நரி வேட்டைத் தடையைத் தளர்த்தப் பிரதமர் கேமரன் முயன்றார். எங்களுக்குச் சம்பந்தமில்லாததில் ஓட்டுப் போட மாட்டோம் என்று அதுவரை பெரும்பாலும் ஒதுங்கியிருந்த தேசியக் கட்சி, எதிர்த்து ஓட்டுப் போடுவோம் என்றதும் அரசு பின்வாங்கியது. அந்த அக்டோபரிலேயே 'இங்கிலாந்துச் சட்டத்துக்கு இங்கிலாந்தின் ஓட்டு' என்று ஒரு நடைமுறை வந்தது. இங்கிலாந்துக்கு மட்டுமான மசோதா என்று சபாநாயகர் சான்றளித்தால் இங்கிலாந்து உறுப்பினர்களுக்குத் தனியாக ஒரு மறுப்புரிமை. ஆனால் மொத்த அவையின் ஓட்டும் வேண்டும். ஆகவே 2016 மார்ச்சில் இங்கிலாந்து, வேல்ஸ் கடைகளின் ஞாயிறு வியாபார நேரத்தை நீட்டிக்கும் திட்டத்தை, தேசியக் கட்சி எதிரணியோடு சேர்ந்து 317க்கு 286 என்று தோற்கடித்தது. புதிய விதியால் அதைத் தடுக்க முடியவில்லை.

கொரோனா வந்தபோது அந்த நடைமுறையை நிறுத்தி வைத்தார்கள். 2021 ஜூலையில் ஒரேயடியாக நீக்கியே விட்டார்கள், அதைக் கொண்டுவந்த பழமைவாதக் கட்சியே. பெரிய எதிர்ப்பு எதுவும் எழவில்லை. இப்போது ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் போகும் 57 உறுப்பினர்களும் இங்கிலாந்தின் பள்ளி, மருத்துவமனை மசோதா எதிலும் ஓட்டுப் போடலாம். போடுவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் கட்சி அந்தந்த நேரத்து வசதியைப் பார்த்து முடிவு செய்துகொள்கிறது.